வெறும் தண்ணீருக்கும் எரியும் விளக்கு

1

அந்தக் கூட்டத்தில் நான் ஏன் வாயைத் திறந்தேன்?

ஏழு மாதங்களாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கணவரிடம் கேட்டால், "யாராவது கேள்வி கேட்டா உனக்குக் கை தானாத் தூக்கிக்கும். ஃபர்ஸ்ட் பெஞ்சு வியாதி" என்கிறார். அவர் கடைசி பெஞ்சு. அவருக்கு இந்த நாட்டில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

நாங்கள் நெதர்லாந்தில் ஒரு சிறிய நகரத்தில், கூட்டுக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறோம். இருபத்துநான்கு வீடுகள். சமையலறையும் குளியலறையும் அவரவருக்கு. துணி துவைக்கும் அறை, தோட்டம், ஏணி, துளைபோடும் இயந்திரம் எல்லாம் பொது. பாதி வீடுகள் வசதியுள்ளவர்களுக்கு, பாதி வசதி குறைந்தவர்களுக்கு. வாசலில் "எதிர்காலக் குடியிருப்பு" என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நிகழ்காலத்தில் லிஃப்ட் வாரத்துக்கு ஒருமுறை நின்றுவிடும்.

கதவு, ஹீட்டர், அடுப்பு எல்லாமே ஒரு கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டவை. மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லையாம். "இது என் இடம், இவர்கள் என் மனிதர்கள்" என்ற எண்ணம் எங்களுக்குள் வளர வேண்டுமாம். அதற்கு அவர்கள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த தமிழில் ஒட்டுறவு என்று சொல்லலாம். மாதம் ஒருமுறை சுவரிலிருக்கும் திரை, ஒட்டுறவு எவ்வளவு என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும். அழும் முகத்தில் தொடங்கிச் சிரிக்கும் முகம் வரை. நான் எப்போதும் நான்காவதைத் தொடுவேன். ஐந்தாவதைத் தொட்டால் அலட்டல். மூன்றாவதைத் தொட்டால் விசாரிக்க ஆள் வரும்.

இந்தக் கம்ப்யூட்டரின் அறிவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாதல்லவா? பாஸ்போர்ட்டில் எனக்கு என் அப்பாவின் பெயர், என் கணவருக்கு அவர் அப்பாவின் பெயர். ஆகவே அதன் கணக்கில், ஒரே வீட்டில் பொன்னுசாமி அம்மையாரும் நடராஜன் என்பவரும் முன்பின் தெரியாமல் வசிக்கிறார்கள். குடிவந்த முதல் மாதம் எனக்கு ஒரு செய்தி வந்தது: "உங்களுக்கு மிக அருகில் திரு. நடராஜன் வசிக்கிறார். அவரை ஒரு காபிக்கு அழைக்கலாமே?"

"ஏனுங்க, உங்கள காபிக்கு அழைக்கச் சொல்லுது" என்றேன்.

"வர்றேன்னு சொல்லு. சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லு."

நகராட்சியில் போய்த் திருத்தச் சொன்னேன். திருமணச் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, அந்த முத்திரை உண்மையானது என்பதற்கு இன்னொரு முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள். நான் காபி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

2

அந்தக் கூட்டம் குளிர்காலத் தொடக்கத்தில் நடந்தது. நடத்தியவர் ஆன்கே, எங்கள் குடியிருப்பின் ஒருங்கிணைப்பாளர். நல்ல பெண்மணி, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பாளர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு ஒட்டுச்சீட்டு கொடுத்துவிட்டு ஆன்கே கேட்டார்: "நீங்கள் வளர்ந்த இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

ஒருவர், "முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்போம்" என்றார். இன்னொருவர், "அது அவருடைய சொந்த விஷயம்" என்றார். என் கை தூக்கிக்கொண்டது.

நான் நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பா ஃபேக்டரியில், அம்மா கொழுந்து பறிக்க. ஒரே தகரக் கூரையின் கீழ் எட்டு வீடுகள்; பின்பக்கம் எட்டு அடுப்பு, எட்டுப் புகைபோக்கி. வேலைக்குப் போகுமுன் காலையில் ஒருமுறை, வந்ததும் சாயங்காலம் ஒருமுறை எட்டிலும் புகை வரவேண்டும். ஒன்றில் வரவில்லையென்றால் குழாயடியிலிருந்தே யாராவது குரல் கொடுப்பார்கள்: "ஏ புள்ள, அடுப்புப் பத்த வெக்கலியா? மேலுக்குச் சுகமில்லையா?" அடுத்த கால் மணி நேரத்தில் கஞ்சி வரும். முன்கூட்டி நேரம் வாங்குவதெல்லாம் இல்லை.

எனக்குத் தெரிந்த டச்சு மொழியில் இதைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தபோது ஆன்கேயின் கண் கலங்கியிருந்தது. வடிவமைப்பாளர் ஒருவர் மஞ்சள் சீட்டில் "புகை" என்று எழுதி நடுச்சுவரில் ஒட்டினார். நாலு வருடத்தில் இந்த ஊரில் நான் பேசிய எதையும் யாரும் எழுதிவைத்ததில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் மூன்று தடவை சொன்னேன்.

கதையில் பாதியைத்தான் சொன்னேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். மீதி கூட்டத்துக்கு ஏற்றதல்ல என்று விட்டுவிட்டேன்.

3

ஜனவரியில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு மேலும் ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு வந்தது. பெயர், புகை விளக்கு. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வீட்டு அடுப்புப் பற்றினால் அது எரியும். எரியாவிட்டால் அண்டை வீடுகளுக்குச் செய்தி போகும்: "போய்க் கதவைத் தட்டி ஒரு வணக்கம் சொல்லுங்கள்."

முதல் நாள் காலை நான் இட்லி ஊற்றினேன். என் விளக்கு எரிந்தது. மற்ற இருபத்துமூன்றும் எரியவில்லை.

இந்த ஊரில் காலையில் யாரும் அடுப்புப் பற்றவைப்பதில்லை. ரொட்டி, அதன்மேல் சாக்லேட் தூள், அவ்வளவுதான். இதை நானும் நினைக்கவில்லை, இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்று வடிவமைப்பாளர்களும் நினைக்கவில்லை. ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு, விளக்கின் கணக்குப்படி எங்கள் குடியிருப்பில் என் குடும்பத்தைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள். இறந்தவர்கள் இரவு உடையோடு, கையில் கடித்த ரொட்டியோடு, ஒருவர் கதவை ஒருவர் தட்டி "உயிரோடு இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் வந்து, அது என்ன வாசனை என்றார்.

"அருமையான கற்றல்" என்று ஆன்கே எல்லோருக்கும் எழுதினார். இங்கே எதுவும் தோற்பதில்லை. எல்லாம் கற்றல்தான்.

அடுத்த வாரம் நேரத்தைச் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்கு மாற்றினார்கள். இது சரியாக வேலை செய்தது. ஆறு மணிக்கு இந்த நாட்டில் உருளைக்கிழங்கு வேகவில்லையென்றால் அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது என்று பொருள். வரிசையாக விளக்குகள் எரிந்தன. தாழ்வாரத்தில் நின்று பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. லைனை நானே தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்துவிட்டதுபோல ஒரு நினைப்பு.

ஒரு விளக்கு மட்டும் பல நாள் எரியாமல் இருந்தது. என் அடுத்த வீட்டு விளக்கு.

4

அடுத்த வீட்டில் மிலேனா இருக்கிறாள். பல்கேரியாக்காரி, என் வயதுதான். தக்காளி வளர்க்கும் கண்ணாடிக்கூடத்தில் ஏஜென்சி மூலம் வேலை. கணவர் இல்லை. ஐந்து வயதில் யானா என்றொரு பெண். என் மகள் மித்ராவின் வகுப்பு. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து கண்ணாடிக்கூடத்தில் மிலேனாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை கொடுக்கிறார்கள். விளக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. விளக்கு வந்தபின் அவர்கள் சமைக்கவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

துணி துவைக்கும் அறையில் அவள் என்னிடம் சொன்னாள். அவளுடைய டச்சும் என்னுடையதைப் போலத்தான், கல்லும் முள்ளும்.

"உன் விளக்கு அழகான விளக்கு" என்றாள். "நேற்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பூசணி சூப். இன்னொருவர், அதுவும் பூசணி சூப். மூன்றாவது ஆன்கே. அவள் கையில் சூப் இல்லை, ஃபைல்."

"ஃபைலா?"

"குழந்தை இருக்கும் வீடு. விளக்கு எரியவில்லை. அதனால் படிவம். யானா எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள், பல் தேய்க்கிறாளா. நான் எல்லாம் சொன்னேன். அவள் எல்லாம் எழுதினாள். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினாள். எனக்குப் பயமாக இருந்தது."

அவளைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன். தேற்ற என்னிடம் இருந்தது கதையின் மீதிப் பாதிதான்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தேயிலைக்கு விலை விழுந்தது. நீலகிரியில் இருந்தவர்களுக்கு அந்த வருடங்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அப்பாவின் ஃபேக்டரி முதலில் வாரத்துக்கு மூன்று நாள் ஓடியது, அப்புறம் பூட்டினார்கள். இலை ஏற்றும் லாரி வருவது நின்றது. பறிக்க ஆளில்லாமல் செடிகள் அப்பாவின் தலைக்கு மேல் வளர்ந்து நின்றன. தேயிலை ஒரு மரம் என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன். லைனில் இரண்டு குடும்பங்கள் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறின. அப்பாவும் பனியன் கம்பெனியில் வேலை தேடிப் போனார். அவரிடமிருந்து ஒரு தகவலும் வராமல் இரண்டு மாதம் போனது.

அந்த இரண்டு மாதமும் அம்மா ஆறு மணிக்கு அடுப்புப் பற்றவைத்தாள். கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளை எங்கள் லைனில் மிலாறு என்பார்கள். அதற்கு மட்டும் பஞ்சமில்லை. மிலாறைத் திணித்து நல்ல புகையாக எழுப்பி, மேலே பானையில் தண்ணீர் வைப்பாள்.

"என்னம்மா வேகுது?" என்று கேட்பேன்.

"வேகறது வேகுது. நீ போய்ப் படி."

குழாயடியிலிருந்து யாரும் குரல் கொடுத்துவிடக் கூடாது. அதற்குத்தான் அந்தப் புகை.

இதை மிலேனாவிடம் நான் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். என் அம்மா லைனையே ஏமாற்றிய கதை. பானை மூடியைத் திறந்து "ஆஹா" என்று மோந்து பார்ப்பதுபோல நடித்தும் காட்டினேன். மிலேனா வாய்விட்டுச் சிரித்தாள், துவைக்கும் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். டச்சு மொழியில் ஒரு கதையைச் சொல்லி நான் ஒருவரைச் சிரிக்க வைத்தது அதுதான் முதல் தடவை. என் மொழி தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அவள் எதற்காகச் சிரித்தாள் என்று யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் விளக்கு தினமும் ஆறு மணிக்கு எரிந்தது.

5

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு நாள்கூட ஒரு விளக்குகூட எரியாமல் இருந்ததில்லை. ஆன்கே கேக் வாங்கி வந்தார். "நாம் ஒருவரையொருவர் தாங்குகிறோம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?" என்று பேசினார். கேக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனோம்.

விளக்கு ஏன் தவறாமல் எரிகிறது என்று எனக்குச் சிறிது சிறிதாகத் தெரியவந்தது. மாடியில் தனியாக இருப்பவர் வெளியே சாப்பிடக் கிளம்பும்முன் அடுப்பை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுப் போகிறார். எதிர்வீட்டுத் தம்பதி பீட்சா வாங்கி வந்து, அடுப்பில் காலி வாணலியை வைத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் கணவர் செய்த ஒரே சமையல் வேலை அதுதான். "யாராவது வந்து தட்டுவாங்க, எந்திரிச்சுத் துணி மாத்தணும். அதுக்கு இது தேவல." முன்பெல்லாம் ஏணி வேண்டும் என்றாவது யாராவது கதவைத் தட்டுவார்கள். இப்போது விளக்கு எரிகிறது. தட்ட வேண்டிய அவசியம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை மித்ராவைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். எனக்கு ஐந்து வயதில் அம்மாவைத் தவிர வேறு உலகமில்லை. என் மகளுக்கு நாட்குறிப்பு இருக்கிறது. என் அம்மா முன்கூட்டிச் சொல்லாமல் வீடியோவில் கூப்பிட்டால், "அம்மிச்சி, இன்னிக்கு எனக்கு டைம் இல்ல, புதன்கிழமை பேசலாமா?" என்று கேட்கிறாள். அப்படிப்பட்டவள் அன்று வழியில் நின்று, தானாகவே ஒன்று சொன்னாள்.

"அம்மா, யானா வீட்ல டெய்லி தண்ணி சமைக்கிறாங்க."

"தண்ணிக்குள்ள என்ன கண்ணு?"

"தண்ணிக்குள்ள தண்ணி. நான் ஸ்டூல் போட்டுப் பாத்தேன். குமிழி குமிழியா வரும். அப்புறம் அணைச்சிருவாங்க."

"அப்ப என்ன சாப்பிடுவாங்க?"

"ரொட்டி இருந்தா ரொட்டி. இல்லன்னா யானா ஸ்கூல்லயே சாப்ட்டேன்னு சொல்லிருவா."

இங்கே பள்ளியில் சாப்பாடு கிடையாது. அவரவர் வீட்டிலிருந்துதான் டப்பா கொண்டுபோக வேண்டும்.

"யானா டப்பா கொண்டுவர்றாளா?"

மித்ரா சுற்றும் முற்றும் பார்த்தாள். "என் டப்பால பாதி அவளுக்கு. ரகசியம். டீச்சருக்குத் தெரியக் கூடாது, எங்க வகுப்புல ஷேர் பண்ணக் கூடாதுன்னு ரூல்."

டப்பா காலியாக வருகிறது, பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா இப்போது குன்னூரில் தம்பி வீட்டில் இருக்கிறாள். பச்சைத் தேயிலைக்கு மறுபடியும் விலையில்லை என்று தொடங்கப்போனவளை நிறுத்திவிட்டு இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"நான் லைனை ஏமாத்தினேன்னு அந்தப் புள்ளகிட்டச் சொன்னியா?"

"ஆமாம்மா."

"யாரு கண்ணு ஏமாந்தாங்க? கடுகு பொரியற சத்தம் இல்லாத ஊட்ல என்ன வேகும்னு லைன்ல ஒருத்திக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் யாரும் கேக்கல?"

"கேட்டா நான் சொல்லோணும்ல? அதான் கேக்கல. புஷ்பம் உப்புப் பாக்கச் சொல்லி வந்து நிக்கலியா? மறந்துபோச்சா?"

புஷ்பம் அக்காவை மறக்கவில்லை. சிலோனிலிருந்து வந்த குடும்பம், எங்களுக்கு அடுத்த வீடு. அந்தக் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். "இந்தாங்க, உப்புச் சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்க. எனக்கு நாக்கே செத்துப்போச்சு." குண்டான் நிறையக் குழம்பு, மேலே ஒரு தட்டில் சோறு. அம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, "கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க" என்பாள். "அப்படின்னா எங்க ஊட்ல திங்க மாட்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று போய்விடுவார். சரியாக இருக்கிறது என்றாலும் வைத்துவிட்டுத்தான் போவார். இத்தனை வயதாகியும் ஒருவருக்கு உப்புப் போடத் தெரியவில்லையே என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத் தோழியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

"அந்தக் குண்டான் வரலீன்னா நீ படிச்சு முடிச்சிருப்பியா?" என்றாள் அம்மா. பிறகு சொன்னாள்: "வெள்ளைக்காரங்ககிட்டப் புகையைச் சொன்னே. அந்தப் புள்ளகிட்டத் தண்ணியைச் சொன்னே. கொழம்பை யாருகிட்டச் சொன்னே?"

7

அன்றைக்கே பருப்புக் குழம்பு வைத்தேன். குண்டான் இல்லை, பெரிய குக்கர் பாத்திரம். மேலே சோறு. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மிலேனா, உப்புச் சரியாக இருக்கிறதா என்று கொஞ்சம் பார்க்கிறாயா?"

அவள் உள்ளே போய் ஒரு சின்னக் கரண்டி எடுத்து வந்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி, மிகப் பொறுப்பாக யோசித்தாள்.

"சரியாக இருக்கிறது. காரம் மட்டும் கொஞ்சம் அதிகம்" என்று சொல்லி, பாத்திரத்தின் மூடியைப் போட்டு என் கையில் கொடுத்தாள். "நன்றி" என்று கதவைச் சாத்தினாள்.

இருவர் தலைக்கு மேலும் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் உப்பை வேண்டுமென்றே தூக்கலாகப் போட்டுக் கொண்டுபோனேன். அதிகம் என்று அவள் சொன்னதும், அப்படியென்றால் நீயே வைத்துக்கொள் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். உப்பு அதிகமானதை அவள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? நியாயமான கேள்வி. புஷ்பம் அக்காவை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் நான் போகுமுன் அவளே வந்தாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே அளவுக் கரண்டி. "உனக்கு உப்பு எப்போதும் கவலையாக இருக்கிறது. இதில் அளந்து போடு" என்றாள். சமைக்கக் காசில்லாதவள் எனக்குக் கரண்டி வாங்கி வந்திருக்கிறாள். என் கணவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கரண்டி" என்றார். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இடமில்லை.

8

சாக்கு எதுவும் செல்லவில்லை என்றதும் நேராகவே சொல்லிவிட்டேன். தண்ணீர் விஷயம் எனக்குத் தெரியும், யானா எங்கள் வீட்டில் சாப்பிடட்டும் என்று. இந்த நாட்டில் எல்லாவற்றையும் நேராகச் சொல்ல வேண்டும் என்று மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மிலேனாவின் முகம் கதவைச் சாத்தியதுபோல ஆகிவிட்டது.

"மித்ரா சொன்னாளா? சரி. இனி மித்ரா இங்கே வர வேண்டாம்."

"மிலேனா, நான் உதவி செய்யத்தான்..."

"நீ உதவி செய்தாய். விளக்கு வைத்தாய்." குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளிக்கிழமை நீ மேடையில் பேசுகிறாய். சுவரில் உன் படம் இருக்கிறது. அங்கே இதைச் சொல்லாதே. சொன்னால் அவர்கள் வருவார்கள். வந்தால் எழுதுவார்கள். எழுதினால் யானாவை என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் மறுபடி முழு வேலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரை விளக்கு எரியட்டும்."

வெள்ளிக்கிழமை என்னவென்றால், முந்நூறு வீடுகள் கொண்ட புதிய குடியிருப்பின் தொடக்க விழா. எல்லாக் கதவுக்கு மேலும் புகை விளக்கு. சுவரொட்டியில் என் முகமும், பின்னால் ஏதோ ஒரு தேயிலை மலையும் இருக்கின்றன. எங்கள் மலை இல்லை, எந்த மலை என்று போட்டவர்களுக்கும் தெரியவில்லை. என் பேச்சை ஆன்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார். "என் அம்மாவின் அடுப்பு இன்று ஐரோப்பாவில் எரிகிறது" என்று தொடங்குகிறது. அதோடு இன்னொரு மகிழ்ச்சியான செய்தியும் சொன்னார். அடுத்த விளக்கில் அடுப்புக்கு அடியில் ஒரு கருவி வரும். பாத்திரத்துக்குள் உணவு வேகிறதா, என்ன உணவு என்றுகூட அது கண்டுபிடித்துவிடும். "இனி யாரையும் நாம் தவறவிட மாட்டோம்!" என்றார். அவர் மனதார அப்படி நினைக்கிறார். அதுதான் கஷ்டம்.

நான் மேடையில் உண்மையைச் சொன்னால், அந்தக் கருவி எவ்வளவு தேவை என்பதற்கு நானே சாட்சி. சொல்லாவிட்டால் முந்நூறு கதவுகளுக்கு மேல் இந்த விளக்கை நான் ஏற்றிவைக்கிறேன். அவற்றில் எத்தனை மிலேனாக்கள் தண்ணீர் கொதிக்க வைப்பார்களோ. என் கணவர், "ஆன்கேகிட்டத் தனியாச் சொல்லு. நல்ல பொம்பளை, உதவி கிடைக்கும்" என்கிறார். காலையில் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உணவு உதவி மையம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தைப் பார்த்தேன். வருமானம், வங்கிக் கணக்கு, குடும்ப நிலை, அண்டை வீட்டார் ஒருவரின் வாக்குமூலம். மிலேனாவின் பிள்ளை பட்டினி என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மதியத்துக்குள் எனக்குப் பயம் வந்துவிடுகிறது. அவள் பயப்படுவது சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றில் இன்னொருத்தியின் பிள்ளையை வைத்து நான் எப்படிப் பரிசோதனை செய்வது?

இப்போதைக்கு மித்ராவின் டப்பாவைப் பெரிதாக்கியிருக்கிறேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இந்தக் குடியிருப்பில் ஒழுங்காக வேலை செய்வது அந்த ஒன்றுதான்.

அடுத்த வாரம் பள்ளிக்கு ஆறு வாரக் கோடை விடுமுறை தொடங்குகிறது. டப்பா கிடையாது. மித்ரா அந்த வீட்டுக்குப் போகவும் முடியாது.

9

ஆகவே நீலகிரியிலோ வால்பாறையிலோ, எந்த லைனிலோ வளர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

உங்களில் சிலர் வீட்டிலும் வெறும் தண்ணீர் கொதித்திருக்கும். யாரோ வாசலில் வந்து நின்று ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் அம்மாவும் முகம் சுண்டாமல் வாங்கிக்கொண்டிருப்பார். சரியாக என்ன சொன்னார்கள்? அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்புங்கள். நாலைந்து விதம் இருந்தால் நாலைந்தையும் அனுப்புங்கள். நான் டச்சில் மாற்றிக்கொள்கிறேன். நேராகப் பேசும் ஊரில் வளைந்து பேசினால் புரிவதில்லை என்பதையும், நேராகப் பேசினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் யோசித்து எழுதுங்கள். கோபித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் ஐந்து வயதுப் பெண் ஆறு வாரம் என் வீட்டில் மதியம் சாப்பிட வேண்டும். அவள் அம்மா என் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் தேவை.

வெள்ளிக்கிழமை மேடையில் என்ன பேசுவது என்பது பற்றியும் நீங்கள் கருத்துச் சொல்லலாம். அதற்கு அவசரமில்லை. கருத்துகள் எனக்கே நிறைய இருக்கின்றன. சாக்குதான் இல்லை.